பல் காரையை எடுக்காமல் எண்ணெய் கொப்பளித்து என்ன பயன்?

ஈறில் ரத்தம் வருகிறது என்றாலே "நல்லெண்ணெய் கொப்பளிங்க, சரியாகிடும்" என்கிறவர்கள் ஆயுர்வேதத்தில் பாதியைத்தான் சொல்கிறார்கள். பல்லில் கல்லாக இறுகும் காரையை, பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை 'தந்த சர்க்கரா' என்கிறது. அதற்குச் சொல்லும் வைத்தியம், ஈறு காயப்படாமல் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தேய்ப்பது. சுரண்டல் முதலில், மருந்து பிறகு. பல் டாக்டர் செய்யும் கிளீனிங்கும் அதே வேலைதான். இறுகிய காரை எந்த எண்ணெயிலும் கரையாது.

கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது காரை. உமிழ்நீர் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் பல்லில் ஒட்டிய அழுக்கைக் கல்லாக்குகிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் பலரும் போர் தண்ணியின் உப்பைக் குறை சொல்கிறார்கள். காரணம் அது இல்லை.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்ற பயமும் தவறு. அப்படி ஆடினால், பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரை முட்டுக் கொடுத்ததால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால்தான் இடைவெளியும் தெரிகிறது, சில நாள் கூச்சமும் இருக்கிறது.

கிளீனிங்குக்குப் பிறகு திரிபலா நன்றாக உதவும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி சம அளவில் வாங்கி, கடுக்காய், தான்றிக்காய்க் கொட்டைகளை நீக்கி இடியுங்கள். 2 டீஸ்பூன் பொடியை 2 டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது, திப்பி ஈறுக்குள் சிக்கும். வெதுவெதுப்பாக, காலையும் இரவும் பல் தேய்த்த பின் 1 நிமிடம் கொப்பளிக்கலாம். தினமும் புதிதாகக் காய்ச்ச வேண்டும். பல்லில் லேசாகக் கறை ஏறும். அது துவர்ப்பால் வருவது.

நல்லெண்ணெய் என்றால் வெறும் வயிற்றில் 10 மில்லி, 5 முதல் 10 நிமிடம். விழுங்கக் கூடாது. சிங்க்கில் துப்பினால் அடைக்கும், குப்பையில் துப்புங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்; எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

செங்கல் தூள், கரி, கல்லுப்பு எல்லாம் பல்லைத் தேய்த்துவிடும், ஈறும் இறங்கும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைத்தால் வெந்துவிடும்.

அதைவிட மோசம், புகையிலையும் பாக்கும் கலந்த மாவா. புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்குவதால் நோய் முற்றினாலும் ரத்தம் அவ்வளவாக வராது. ஈறு நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்காதீர்கள். அழுக்கு சேர்ந்து இன்னும் வீங்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். 2 வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ, ஈறை அழுத்தினால் சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ கஷாயத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சென்னை பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்கினால் எதிரிலேயே அரசு பல் மருத்துவமனை. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ சாப்பிட்டால் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளே ஈறைத் தடிக்க வைக்கும்.