'சும்மா ஒட்டுததுதானே'ன்னு சொல்லுத மகராசங்களுக்கு

ஞாயித்துக்கிழமை சிநேகிதிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நிக்காங்க: "கையால வரைஞ்ச படம் ஒண்ணு வேணும். படத்துல இருக்க பொண்ணு பாவாடைக்கு மேல நெசப் பட்டு, சரிகைக் கரை, நாலு குந்தன் கல்லு ஒட்டணும். சும்மா ஒட்டுததுதானே, ரெண்டு மணி நேரம் ஆவுமா?" வயிறு எரியுது. அரை நிமிச வீடியோவுல பசையப் பீச்சி, துணிய வச்சுத் தட்டி முடிச்சிருதான். மறுநாள் அந்தத் துணி என்ன கதியில கெடக்குன்னு எவனாவது காட்டுதானா?

வெள்ளைப் பசையில பாதிக்குப் பாதி தண்ணி. மெல்லிசுப் பட்டு அத உறிஞ்சி மேல்பக்கம் வரைக்கும் இழுத்துரும். காஞ்சதும் மாம்பழக் கலர் பாவாடையில எண்ணெய் சிந்துன மாதிரி திட்டுத் திட்டா நிக்கும். கழுவி எடுக்க அது என்ன கொடியில காயுத துணியா? படத்தோட போச்சு.

அதனால பசைய எடுக்கதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. சட்டைக் காலருக்குள்ள டெய்லருங்க வைக்காங்கல்ல, சூட்டுல ஒட்டுத துணி, அதுல மெல்லிசு ரகமா வாங்கி பட்டுக்குப் பின்னால வைக்கணும். மேல ஒரு பருத்தித் துணி போட்டு, பட்டுக்கான சூட்டுல இஸ்திரிப் பெட்டிய பத்துப் பதினஞ்சு செகண்டு அழுத்தி எடுக்கணும். இழுத்துத் தேய்க்கப்பிடாது, துணி கோணிரும். இப்படி முதுகு கட்டுன துணியில பசை லேசுல மேல வராது, வெட்டுன ஓரமும் நூல் நூலா பிரியாது. அப்புறம் பசைய பிரஷால கேன்வாஸ் மேல மெல்லிசாத் தடவணும். துணி மேல இல்ல தாயி, கேன்வாஸ் மேல. ஒட்டுத பதம் வந்ததும் துணிய வச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு நீவணும். சித்திரை வெயில்ல அந்தப் பதம் ஒரு நிமிசத்துல வந்துரும். ஐப்பசி அடைமழையில அஞ்சு நிமிசம் ஆனாலும் வராது, ஒட்டுனது முழுசாக் காயவும் ரெண்டு நாள் கேக்கும்.

சாயத்தையும் பாக்கணும். செவப்புப் பருத்தித் துணின்னா ஈர வெள்ளைத் துணியால தேச்சுப் பாருங்க. வெள்ளையில கலர் ஏறுச்சுன்னா பசை ஈரத்துலயும் அது ஓடும். முகத்துக்கு அவ்வளவு பதமா அடிச்ச அக்ரிலிக் பெயிண்டு ஓரத்துல ரோஸ் கோடு விழும்.

இதுக்கு நடுவுல, "உடனே ஒட்டுத பசை ஒரு சொட்டு வைங்களேன்"னு ஒரு யோசனை வரும். அந்தப் பசை பருத்தியில பட்டா சூடாயிரும், புகையே வரும். விரல்ல கொப்புளம் போட்டபெறவுதான் தெரியும். குந்தன் கல்லு மேலயும் வெள்ளையாப் பூத்து மினுக்கம் செத்துரும். கல்லுக்குன்னு நகைப் பசை தனியா இருக்கு, முழுசா இறுக ஒருநாள் ஆவும். பித்தளை மணி, கனத்த ஜிமிக்கிக்கெல்லாம் பசைய மட்டும் நம்பப்பிடாது. ஊசிய கேன்வாஸ்ல குத்தி, பின்னால முடிச்சுப் போடணும். சூட்டுப் பசைத் துப்பாக்கிய பத்தி என்னத்தச் சொல்ல? நம்ம ஊரு வெயில்ல கதவடச்ச காருக்குள்ள அந்தப் படத்தை மத்தியானம் வச்சுட்டுப் போயிப் பாருங்க, சரிகைக் கரை நழுவிக் கெடக்கும்.

அடுத்தது கேன்வாஸ். அட்டை மேல துணி ஒட்டி வச்சதையும் கேன்வாஸ்னுதான் விக்காங்க. ஈரம் பட்டா வளையும். பின்பக்கமும் ஒரு கோட்டு பெயிண்டு அடிச்சா வளைவு குறையும், அத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கட்டையில இழுத்துக் கட்டுன கேன்வாஸும் துணி கனத்துக்கு நடுவுல தொய்யும். 12க்கு 16 இஞ்சு படம்னா சட்டத்துக்குள்ள பின்னால ஒரு அட்டையக் கச்சிதமாச் செருகி வைங்க. இல்லன்னா மூணு மில்லிமீட்டர் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செஞ்சது) பலகையிலேயே வரைஞ்சிருங்க. ஆனா அதுல மணியத் தைக்கணும்னா மொதல்லயே ஓட்டை போட்டுக்கிடணும்.

சரிகைக் கரைக்கு லேஸ் அரை மீட்டர் போதும். திருநெல்வேலி டவுன் ரத வீதியில துணிக்கடைக்கா பஞ்சம்? ஆனா, "ரோலாத்தான் தருவோம்"னு சொல்லுத அண்ணாச்சிகிட்ட என்ன பேச? தெருமுனை டெய்லர் கடையில கேளுங்க. ஜாக்கெட்டு வெட்டுன மிச்சத்துல கரையோட துண்டு கெடைக்கும்.

இன்னொரு கொடுமை. பின்னணிக்குப் பத்தமடைப் பாய் வேணும்பாங்க. அழகுதான், மறுக்கல. ஆனா அதுல நீளவாக்குல போறது நூலு, குறுக்க போறது கோரை. நூலை வெட்டுனா கோரை ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வந்துரும். வெட்டப்போற கோட்டுல ரெண்டு பக்கமும் பசையத் தடவி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, கூர்க்கத்தியால வெட்டணும். கத்திரி வச்சா கோரை நசுங்கும்.

இம்புட்டும் முடிச்சு பிரேம் கடைக்குப் போனா, அவரு கண்ணாடிய நேரா லேஸ் மேல வச்சு அமுக்கிருதாரு. கல்லு சாயுது, பட்டு நசுங்குது, கண்ணாடியில ஒட்டுன எடத்துல ஈரம் தங்கி மழைக்காலத்துல பூஞ்சை புடிக்குது. ஒரு இஞ்சு ஆழத்துல பெட்டி பிரேம், ஓரத்துல கட்டை வச்சுக் கண்ணாடிய எட்டி நிறுத்தணும்னு எழுதியே குடுத்துருங்க. வார்னிஷும் வரைஞ்ச எடத்துல மட்டும்தான். பட்டுல பட்டா கருத்து வெறைச்சுப் போவும்.

ரெண்டே நாள்தான் இருக்குன்னா படத்தை மட்டும் வரைஞ்சு வாங்கிக்கிடுங்க. துணி வேணும்னா ஒரு வாரத்துக்கு முன்னாடியே வந்து சொல்லுங்க, வெள்ளிக்கிழமை வராதீங்க.