மண் சுமக்கப் பெண், சுவர் பூச ஆணா?

பெண்கள் தொண்டாக வீடு கட்டுகிறார்கள் என்று படங்கள் வரும்போதெல்லாம், மேசன் கரண்டி யார் கையில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு பாஸின், அதாவது ஆண் மேசனின் கையில்தான் இருக்கும். பெண்கள் வரிசையாக நின்று மணல் தாச்சியைக் கைமாற்றுவார்கள், நிறம் பூசுவார்கள், படத்துக்குச் சிரிப்பார்கள். நிறம் பூசுவதும் வேலைதான். ஆனால் ஒழுகுகிற கூரையின் கீழ் பூசிய நிறத்துக்கு அடுத்த மழைவரைதான் ஆயுள்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஹபிடட் ஃபோர் ஹியூமனிட்டி அமைப்பின் வழியாக, 1991இல் சார்லட் நகரில் பெண்களே சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி முடித்தார்கள். ஆண்கள் சூழ்ந்து நின்றால் பெண்களுக்குக் கருவியைத் தொடும் வாய்ப்பே கிடைக்காது என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நாம் இங்கே இலங்கையில் எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டுப் படம் எடுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் கொழும்புக்கு இது புதிதல்ல. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், தோட்டங்கள் என்று நாம் சொல்லும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளின் சங்கங்களே வடிகான், மலசலகூடம் கட்டும் ஒப்பந்தங்களை எடுத்துச் செய்தன. அந்த அனுபவத்திலிருந்து 1989இல் பெண்கள் வங்கி உருவானது. பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து சேமித்து, வீட்டைத் திருத்தவும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகம் பெண்ணிடம் வந்தது. கரண்டி வரவில்லை.

போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. வேலையை வீட்டுக்காரரே முன்னின்று நடத்த வேண்டும். பயனாளிகளில் பெண் தலைமைக் குடும்பங்கள் ஏராளம். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை. பாஸ் வராவிட்டால் வேலையும் தவணையும் நின்றுபோகும். புதுச் சுவர் இறுகும்வரை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டுப் பாருங்கள். அதைக் கட்டுமான வேலை என்று எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

கொழும்பில் இப்போது அதிகம் தேவைப்படுவது திருத்த வேலை. மட்டக்குளியிலும் வனாத்தமுல்லையிலும் வரிசை வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கூரை ஷீட்டின் ஆணித் துளையால் ஒழுக்கு, தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக் கதவு. கொலன்னாவப் பக்கம் என்றால் வெள்ளத்தில் ஊறிய சுவரின் அடிப்பூச்சு. பாஸுக்கு இவை அரைநாள் வேலை. அதனாலேயே அவர் வரமாட்டார். முழு வீடு கிடைக்கும் இடத்துக்குத்தான் போவார், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாழ்ப்பாள் இல்லாமல் ஒவ்வொரு நாளும் பயந்து குளிப்பது பெண்தான்.

ஆகவே தொண்டுக் குழுக்கள் அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கே வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுவர்ப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவை, நீர்மட்டம் பிடிப்பது, அஸ்பெஸ்டஸ் ஷீட்டைத் தொடும் முன் அதை நனைத்துத் தூசி எழாமல் பார்ப்பது என்று எல்லாவற்றையும். அதுவும் கூலி கொடுத்து. வங்கியில் வேலை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு கட்டுப்படியாகும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். நன்றாகக் கற்றவர்கள் மேசன் வேலைக்கான தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கும் போகலாமே.

"பெண்கள் கூரையில் ஏறுவதா?" என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகும் அண்ணன்மாருக்கு: கட்டடத் தளத்தில் தலையில் கல் சுமந்துகொண்டு அவர்கள் ஏணி ஏறியபோது நீங்கள் யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை குழுவாகப் போகிறவர்கள், பாஸுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அவரைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். திரும்பும்போது கரண்டியையும் நீர்மட்டத்தையும் அந்தத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.