ஐந்து மைலுக்கு அப்பால் குண்டடி பட்டவர்கள்

குண்டடி, கத்திக்குத்து, சாலை விபத்து என்று வருபவர்களைப் பிழைக்க வைக்கும் அறுவை மருத்துவர் ஒருவர், "சிகிச்சை யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை" என்று ஆராயப் புறப்பட்டால், அதை ஒரு படி கீழான வேலையாகவே பலர் பார்க்கிறார்கள். அதெல்லாம் சமூகவியல்காரர்கள் பாடு என்று மூத்த மருத்துவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள்.

அந்த ஊரின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் அதிகம், துப்பாக்கிச் சூடும் அதிகம். அங்கிருக்கும் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை, பெரியவர்களுக்கான டிராமா சென்டரை, அதாவது கடும் காயங்களுக்கு உடனே அறுவை சிகிச்சை தரும் பிரிவை, 1988-இல் மூடிவிட்டது. பணம் கட்ட வழியில்லாத நோயாளிகளால் நஷ்டம் என்றார்கள். 1991-இல் அதே பகுதியிலிருந்த மைக்கேல் ரீஸ் மருத்துவமனையும் தன் டிராமா சென்டரை மூடிக் கைவிரித்தது.

2010 ஆகஸ்டில் டேமியன் டர்னர் என்ற 18 வயது இளைஞர், வேறு யாரையோ குறிவைத்த குண்டுக்கு இரையானார். அவர் விழுந்த இடத்திலிருந்து பல்கலைக்கழக மருத்துவமனை நாலைந்து தெரு தூரம்தான். ஆம்புலன்ஸோ சுமார் ஒன்பது மைல் தள்ளியிருந்த நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியிருந்த இளைஞர் அமைப்பு அன்றிலிருந்து டிராமா சென்டர் கேட்டுப் போராடியது. வாசலில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். ஆனால் ஒரு மரணத்தை மட்டும் வைத்துத் தூரம்தான் கொன்றது என்று நிரூபிக்க முடியாதே.

அந்த இடத்தில்தான் மேரி கிராண்டால் வருகிறார். அதே நார்த்வெஸ்டர்னில் டிராமா அறுவை மருத்துவராக இருந்தவர். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் டிராமா நோயாளிகள் பதிவேட்டிலிருந்து 1999 முதல் 2009 வரை சிகாகோவில் குண்டடி பட்ட 11,744 பேரின் விவரங்களை எடுத்தார். அவர்களில் 4,782 பேர் டிராமா சென்டருக்கு ஐந்து மைலுக்கு அப்பால் சுடப்பட்டவர்கள். காயத்தின் கடுமை போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், இவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட 1.23 மடங்கு. இந்தக் கூட்டத்தில் கறுப்பினத்தவரும் காப்பீடு இல்லாதவரும்தான் அதிகம். 2013-இல் கட்டுரை வெளியானது.

கை காலில் குண்டு பட்டால் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தலாம். வயிற்றுக்குள் ரத்தக் குழாய் கிழிந்தால் ஆம்புலன்ஸில் யாராலும் எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது. வயிற்றைத் திறந்து குழாயைப் பிடித்தால்தான் உண்டு. இதைத் தினமும் மேஜையில் பார்க்கிறவருக்குத்தான் மைல் கணக்கின் அருமை தெரியும். ஆராய்ச்சியையும் அவரே செய்ததில் எனக்கு வியப்பில்லை.

2018 மே 1 அன்று பல்கலைக்கழக மருத்துவமனையில் டிராமா சென்டர் மறுபடி திறந்தது. முப்பது ஆண்டுகள்! அதை நடத்த வந்த செல்வின் ராஜர்ஸ் கறுப்பின அறுவை மருத்துவர். சுற்றுவட்டார மக்களின் உடல்நலப் பொறுப்பையும் அவரிடமே சேர்த்துக் கொடுத்தார்கள். சரியான ஏற்பாடு.

முதல் மரியாதை அந்த இளைஞர்களுக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர்கள் தெருவில் சொன்னதற்குப் பதிவேட்டிலிருந்து ஆதாரம் எடுத்துத் தந்ததும் உயிர் காக்கும் வேலைதான். நாளை ஒரு இளம் அறுவை மருத்துவர் இப்படி ஒரு கேள்வியோடு வந்தால், இரவு டியூட்டி முடித்துவிட்டுச் சொந்த நேரத்தில் பார்த்துக்கொள் என்று துறைத் தலைவர்கள் சொல்லக் கூடாது. பணி நேரத்திலேயே அதற்கு இடம் கொடுங்கள், பதவி உயர்விலும் கணக்கில் எடுங்கள்.