வீட்டுக்குத் தகுதி பார்த்தார்கள், பிள்ளைகளின் படிப்பை யார் பார்த்தது?

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி, வாய்க்காலைத் தூர்வாருவதற்காக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களுக்குத்தான் டெல்லியின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு என்று பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலைப் பற்றி டெல்லித் தமிழர்கள் நிறையப் பேசினோம், கோபப்பட்டோம். அங்கிருந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம். எனக்கு அது ஆறவில்லை.

மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு கிடையாது. வீட்டுக்கு யார் தகுதி என்பதற்கும் டெல்லி அரசின் 2015 மறுவாழ்வுக் கொள்கையில் ஒரு கெடு தேதி இருக்கிறது; அதற்கு முன்பிருந்தே குடியிருந்தவர்களுக்குத்தான் வீடு. படிப்புக்கு அப்படி ஒரு கெடு தேதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் நடப்பது என்ன? பட்டியலில் பெயர் வராத குடும்பம் வாடகை தேடி எங்கே போகிறதோ, பிள்ளையின் படிப்பும் அதன் பின்னாலேயே இழுபடுகிறது. பெயர் வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மாற்று வீடு கூடுமானவரை அதே இடத்தில், முடியாவிட்டால் 5 கிலோமீட்டருக்குள் என்கிறது அதே கொள்கை. அதைத் தாண்டுவது விதிவிலக்காக மட்டுமே இருக்க வேண்டும். நரேலாவோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

"அங்கேயும் பள்ளிகள் இருக்கின்றன, சேர்த்துக்கொள்வார்கள்" என்பதுதான் எங்கும் கிடைக்கும் பதில்.

கேம்ப்பிலிருந்து போன ஒரு பெண்மணியை எனக்கு வெகுநாளாகத் தெரியும். ஜங்புராவில் சமையல் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, தமிழை ஒரு பாடமாக எடுத்துப் படிப்பவள். நரேலாப் பக்கம் ஒரு பள்ளிக்கு அவர்களோடு நானும் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். தமிழ் என்ற வரியில் விரல் நின்றது. இந்தப் பாடம் இங்கே இல்லை, வாரியத்தின் அனுமதி வாங்கி வாருங்கள் என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "அக்கா, வாரியம் என்றால் யார்? எந்த பஸ்ஸில் போக வேண்டும்?"

அந்த ஊழியர் மேல் தவறில்லை. அவர் சொன்ன வாரியம் சி.பி.எஸ்.இ. அதன் விதிப்படி ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் பள்ளி மாறவும், பாடம் மாறவும் வாரியத்தின் அனுமதி வேண்டும். குடியிருப்பை இடிக்கத் தேதி குறித்தவர்களில் ஒருவராவது இந்த விதியை எடுத்துப் பார்த்திருந்தால் அந்தத் தாய் அப்படி நின்றிருக்க மாட்டார். அந்தப் பெண் இப்போதும் பழைய பள்ளிக்கே வருகிறாள். விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ் மாறி மாறி வருகிறாள். பெண்களுக்குப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் காசு போகவில்லை. தூக்கமும் படிக்கும் நேரமும் போகின்றன.

கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் 5-ஆம் பிரிவு நல்ல பிரிவுதான். பள்ளி மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், அது தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அது துணை வராது. 3 முதல் 18 வயது வரை அனைவருக்கும் கல்வி என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை பேசுகிறது. பேச்சு சட்டமாகும்வரை இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சிறுவர்கள் கதையும் சுலபமில்லை. டெல்லியில் ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளி, அதற்குமேல் டெல்லி அரசின் கல்வித்துறை. ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு நிர்வாகம். மாற்று வீட்டுக்கு வேறொரு துறை. எல்லோரும் அடுத்த கதவைத்தான் காட்டுகிறார்கள்.

கேட்டிருக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழுவை. டெல்லி அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுவின் 16 பேரில் 12 பேர் பெற்றோர். எந்தப் பிள்ளை எந்தச் சந்திலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இடிப்புக்கு முன்பே அந்தந்தப் பள்ளியின் குழுவைக் கூட்டி, ஒவ்வொரு பிள்ளையின் வகுப்பு, பள்ளி, மொழிப்பாடம் எல்லாவற்றையும் எழுதி, தகுதிப் பட்டியலோடு சேர்த்தே நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். வீடு கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும். வாய்க்கால் வேலை மழைக்கு முன் முடிய வேண்டுமென்றால், குடிபெயர்ப்பை மார்ச் கடைசியிலேயே முடிக்கலாமே! ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும்போது பிள்ளைகள் புதுப் பள்ளியில் உட்கார்ந்திருப்பார்கள். ஜூனில் இடித்தால், புத்தகம் வாங்கிப் படிக்கத் தொடங்கிய பிறகு, கோடை விடுமுறையில் டி.சி.க்கு அலைய வேண்டும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு முடியும்வரை பழைய பள்ளியிலேயே விட்டு, அரசே பஸ் விட வேண்டும்.

நம்மவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், பூசா ரோடு, மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் இருக்கின்றன. நரேலாப் பக்கம் ஒன்றுகூட இல்லை. தமிழ் படித்த பிள்ளை அங்கே போனதும் அந்தப் பாடம் அறுந்துவிடுகிறது. அரசு பஸ் விடும்வரை காத்திருக்காமல், நம் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம். விழாக்களுக்கு நன்கொடை திரட்டும் நமக்கு இது முடியாத காரியமா?

நரேலாவிலோ, கேம்ப்பிலிருந்து குடும்பங்கள் வாடகைக்குப் போன வேறு இடங்களிலோ இருப்பவர்கள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் வகுப்பையும் மொழிப்பாடத்தையும் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பிள்ளையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம். வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதித் தர நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.