அந்த ஸ்லீப்பை யார் போட்டது?

ஒரு ஸ்டாப் பட்டன் வேலை செய்யவில்லை என்று மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கொட்டித் தீர்த்தால்தான் ஆறும்.

லாரி எடைமேடைக்கான சின்ன டெஸ்க்டாப் மென்பொருள். சி பிளஸ் பிளஸ் மொழி, திரை கட்ட க்யூட்டி லைப்ரரி. எடை காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும், ஒரு தனி த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை வரிசை) அதைப் படித்துத் திரைக்கு அனுப்பும். மொத்த வேலையே அவ்வளவுதான். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது. மேடையில் இருக்கும் தம்பி போன் போட்டார்: "சார், ஸ்டாப்பை அமுக்கினா ஒண்ணுமே ஆகல. மூடினா மூடவும் மாட்டேங்குது. டாஸ்க் மேனேஜர்ல போய்த்தான் நிறுத்துறேன். பின்னாடி லாரி நிக்குது சார்."

புரோகிராம் கோடைத் திறந்தேன். க்யூட்டியில் சிக்னல் என்பது ஓர் ஆப்ஜெக்ட் அனுப்பும் சேதி, ஸ்லாட் என்பது அதைக் கேட்டு ஓடும் ஃபங்ஷன்; இரண்டையும் இணைப்பது கனெக்ட், சேதியை அனுப்புவது எமிட். கனெக்ட் சரி. எமிட் நடக்கிறது, லாக்கில் வரி விழுகிறது. ஸ்லாட் மட்டும் ஓடவில்லை. எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது. க்ராஷ் ஆகியிருந்தால் ஸ்டாக் டிரேஸாவது கிடைத்திருக்கும். இதில் எந்தப் பக்கம் கை வைப்பது?

எடையைப் படிக்கும் ஒர்க்கர் ஆப்ஜெக்டை மூவ்-டு-த்ரெட் போட்டுத் தனி த்ரெட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நல்லது. ஆனால் அதன் ஸ்லாட்டுக்குள் வைல் ட்ரூ, அதாவது முடிவே இல்லாமல் சுற்றும் லூப்! வேறு த்ரெட்டிலிருந்து வரும் சிக்னல் ஸ்லாட்டை நேரே கூப்பிடாது. அது ஓர் இவென்டாகி, வாங்கும் ஆப்ஜெக்ட் எந்த த்ரெட்டைச் சேர்ந்ததோ அதன் கியூவில் போய் உட்காரும். கியூவைக் கவனிக்கும் அந்த த்ரெட்டின் இவென்ட் லூப் எடுத்துக் கொடுத்தால்தான் ஸ்லாட் ஓடும். இவென்ட் லூப்போ அந்த வைல் ட்ரூ முடிவதற்காகக் காத்திருக்கிறது, அது முடியவே முடியாது. தம்பி பத்து தடவை அமுக்கினால் பத்து ஸ்டாப்பும் கியூவில் கிடக்கும். மூடும்போதும் இதே கதைதான். க்விட் என்பது இவென்ட் லூப்பை நிறுத்தச் சொல்வது. லூப்புக்குக் கட்டுப்பாடு திரும்பினால்தானே அது நிற்கும்? அதற்கு அடுத்த வரியில் வெயிட், த்ரெட் முடியும்வரை காத்திருக்கச் சொல்வது. அங்கே திரையை நடத்தும் மெயின் த்ரெட்டும் சேர்ந்து உறைந்துவிடுகிறது.

இதெல்லாம் தெரியாமல் செய்த தப்பு என்றால் விட்டுவிடுவேன். என் ரத்தம் கொதித்தது அந்த வைல் ட்ரூவுக்குள் 50 மில்லிசெகண்ட் ஸ்லீப்பைப் பார்த்தபோதுதான். பக்கத்தில் கமென்ட்: "இதை எடுக்காதே". அப்படியானால் பிரச்சினை அவருக்கும் வந்திருக்கிறது! காரணத்தைத் தேடாமல் ஒரு ஸ்லீப்பை வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்லீப் போட்டால் த்ரெட் தூங்கும், அவ்வளவுதான். கியூவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் டீமிலும் ஒருவர் "உள்ளே ப்ராசஸ் இவென்ட்ஸ் போட்டுடுங்க, வேலை முடிஞ்சது" என்றார். அது கியூவில் கிடப்பதை அந்த இடத்திலேயே எடுத்து ஓட்டிவிடும். பாதி எடையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் ஓடி போர்ட்டை மூடிவிடும், திரும்பி வந்து மூடிய போர்ட்டைப் படிக்கப் போகும். அதற்கு யார் பதில் சொல்வது?

வைல் ட்ரூவைத் தூக்கிவிட்டு, தரவு வந்தால் ரெடி-ரீட் சிக்னல் வரட்டும் என்று மாற்றினேன். உடனே வேறு த்ரெட்டில் இருக்கும் பேரன்ட்டுக்கு (உரிமையாளர் ஆப்ஜெக்டுக்கு) பிள்ளை ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது என்ற வார்னிங். போர்ட் ஆப்ஜெக்டை ஒர்க்கரின் மெம்பராக (உள்ளே இருக்கும் மாறியாக) வைத்தவர், அதற்கு ஒர்க்கரைப் பேரன்ட்டாகக் கொடுக்கவில்லை. மூவ்-டு-த்ரெட் பிள்ளைகளைத்தான் கூடவே கூட்டிக்கொண்டு போகும், மெம்பர் என்பதற்காக எதையும் நகர்த்தாது. ஒர்க்கர் அந்தப் பக்கம், போர்ட் இந்தப் பக்கம்.

அப்புறம் ஒரு லாம்டா, பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் ஃபங்ஷன். எடையை லேபிளில் காட்டும் கனெக்டில், எந்த ஆப்ஜெக்டின் த்ரெட்டில் ஓட வேண்டும் என்று சொல்லும் கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் லாம்டா எமிட் செய்த த்ரெட்டிலேயே ஓடும். அதாவது மெயின் த்ரெட் மட்டுமே தொட வேண்டிய திரையில் ஒர்க்கர் த்ரெட் நேராகக் கை வைக்கிறது. என் மெஷினில் ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும், மேடையில் எப்போதாவது விழும். லாக் வரி சேர்த்தால் விழுவதே நின்றுவிடும். கடைசியில் ஒவ்வொரு ஸ்லாட்டின் முதல் வரியிலும் கரன்ட் த்ரெட் எது என்று அச்சிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. சேர்க்க வேண்டியிருந்தது 'திஸ்' என்ற ஒரே சொல்லும் ஒரு கமாவும். அதற்கு ஒன்றரை நாள்!

க்யூட்டியைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஸ்லாட் எந்த த்ரெட்டில் ஓடும் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. லூப்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாலும், த்ரெட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு தனி ஃபங்ஷன் 2013இல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. லூப் அதைச் சுற்றுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அரை மணி நேரம் படித்திருந்தால் அந்தத் தம்பி மழையில் நிற்கும் டிரைவர்களிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டார். "சின்ன பக்தானே, ஏன் மூணு நாள்?" என்று கேட்கிறார் மேனேஜர். ஸ்லீப் போட்டவரை அன்றைக்கு யாராவது இப்படிக் கேட்டார்களா?

அதே ஃபோல்டரில் அதே ஆள் எழுதிய இன்னும் நான்கு மேடைகளின் கோடு இருக்கிறது. நேற்று ராத்திரி தேடிப் பார்த்தேன். நான்கிலும் அதே வைல் ட்ரூ, அதே ஸ்லீப், அதே "எடுக்காதே".