ஸ்மால்மவுத் வளர்ந்து லார்ஜ்மவுத் ஆகாது

அண்ணே, "ஸ்மால்மவுத் எல்லோஃபிஷ் பெரிசானால் லார்ஜ்மவுத், நம்ம உம்கேனி ஆற்று ஸ்கேலி எல்லோஃபிஷும் அதே மீன்தான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறு. மூன்றும் தென்னாப்பிரிக்க ஆற்று மீன்கள், லேபியோபார்பஸ் பேரினம்தான், ஆனால் தனித்தனி இனங்கள். ஸ்கேலி குவாசுலு-நேட்டால் மாகாண ஆறுகளுக்கே உரியது. மற்ற இரண்டும் ஆரஞ்சு, வால் (Vaal) நதிகளின் மீன்கள்.

குழப்பம் உதட்டால்தான் வருகிறது. ஸ்மால்மவுத்திலும் ஸ்கேலியிலும் சிலவற்றுக்கு ரப்பர் மாதிரி தடித்த உதடு இருக்கும். அது இனத்தைச் சொல்லாது. வாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள்: ஸ்மால்மவுத்துக்கு மூக்குக்குக் கீழே, தரையை நோக்கி, லார்ஜ்மவுத்துக்கு முகத்தின் நுனியிலேயே, அகலமாக. அதன் தலையும் தட்டை, கண்கள் உச்சிக்கு அருகில். குஞ்சுகளில் இதெல்லாம் தெளிவாகத் தெரியாது. சந்தேகம் என்றால் ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

இது வீண் வாதமல்ல. லார்ஜ்மவுத் பெண்மீன் இனப்பெருக்கப் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய 8 ஆண்டு ஆகும். பெரிசு ஒன்றைக் குழம்பில் போட்டால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. வளர்ந்த லார்ஜ்மவுத் மீன்தின்னி. மீலி (மக்காச்சோள) மாவு உருண்டையை விட, சின்ன மீன் போல ஓடும் செயற்கை இரைக்குத்தான் வரும். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.