எப்போ போற?

பக்கத்து வீட்டுப் பையன் பிலிப்பைன்ஸ் போயிருக்கிறான். படிப்புக்கும் இல்லை, வேலைக்கும் இல்லை. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் வில்லை, கையில் மார்மன் நூல் என்று இரண்டு வருடம் தெருத்தெருவாக நடந்து மதம் சொல்லப் போயிருக்கிறான். அந்த வில்லையில் அவன் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்று இருக்கும். மூத்தவர்! மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். காபி குடிக்காத தெருவில் காலையில் டம்ளரோடு வாசலில் நிற்கும் ஒரே ஆள் நான்தான். சுற்றிலும் எல்லாரும் காபியைத் தொடாத மார்மன் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். ‘மார்மன்’ என்று கூப்பிடாதீர்கள், சபையின் முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்களுடைய அப்போதைய தலைவர் 2018-ல் கேட்டுக்கொண்டார். முழுப்பெயர் நீளம், இங்கே படிப்பவர்களுக்குப் புரியவேண்டுமே என்று பழைய பெயரையே எழுதுகிறேன். தவறாக நினைக்கமாட்டார்கள், நல்ல மனிதர்கள்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கதவைத் தட்டி மதம் சொல்லுவது எனக்குப் பிடிக்காது. இங்கே வந்த புதிதில் என் வீட்டுக்கும் இரண்டு பையன்கள் வந்தார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் பதிவு அவர்கள் யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றியது இல்லை. போகிறேன் என்று அந்தப் பையன்கள் எடுக்கும் முடிவு இருக்கிறதே, அதைப் பற்றியது. அது முடிவுதானா என்பதுதான் ரொம்ப நாளாக என்னைக் குடைகிறது.

இந்தப் பையனை அவனுடைய சின்ன வயதிலிருந்து தெரியும். அவன் பதினாறைத் தாண்டியதிலிருந்து தெருவில் யார் பார்த்தாலும் ஒரே கேள்வி: “எப்போ போற?” புல் வெட்டும்போது, பனி தள்ளும்போது, பள்ளிக் கால்பந்து ஆட்டத்தில், எங்கேயும் இதே. “போறியா?” என்று ஒருவர்கூடக் கேட்டு நான் கேட்டதில்லை.

அவர்கள் பக்கத்துக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. 1974-ல் அப்போதைய சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஊழியம், அதாவது இப்படி மதம் சொல்லும் பயணம், போகவேண்டும் என்று சொன்னார். அந்த எதிர்பார்ப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அது விருப்பம். இதனாலேயே பெண்பிள்ளைகள் போகிறேன் என்று சொன்னால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. போகாமல் இருந்தாலும் அவர்களை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அப்படியிருந்தும் பதினெட்டு மாதம் போகிறாள் என்றால் அவளாகத்தான் போகிறாள்.

பையன்கள் கதை வேறு. 2012 அக்டோபர் வரை பையன்களுக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்கவேண்டும், பெண்களுக்கு இருபத்தொன்று. அந்த மாதம் தலைவர் தாமஸ் மான்சன் பையன்களுக்குப் பதினெட்டு, பெண்களுக்குப் பத்தொன்பது என்று குறைத்தார். 58,000 அளவில் இருந்த ஊழியர் எண்ணிக்கை அடுத்த ஆண்டே 80,000-ஐத் தாண்டியது. சபைக்கு அது பெரிய வெற்றி. எனக்கு உறுத்துவது நடுவில் காணாமல் போன அந்த ஒரு வருடம். முன்பெல்லாம் பள்ளி முடித்த பையன் ஒரு வருடம் கல்லூரியில் இருப்பான். வீட்டை விட்டுத் தள்ளி இருந்து, வேறு மாதிரி யோசிக்கிறவர்களோடு ஒரே அறையில் தூங்கி எழுந்து, ‘எனக்கு இது வேணுமா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள அந்த ஒரு வருடம் கிடைத்தது. இப்போது பட்டமளிப்புத் தொப்பியைக் கழற்றின கையோடு டையைக் கட்டிவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பையன் அந்த வருடத்தைத் தானாக எடுத்துக்கொண்டான். பள்ளி முடிந்ததும் “இப்போ இல்ல” என்றான். அவ்வளவுதான். சண்டை இல்லை, சபையை விட்டும் விலகவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான்.

இவர்கள் சபையில் ‘வார்டு’ என்றால் நாலைந்து தெரு. எல்லாருக்கும் எல்லார் வீட்டு விஷயமும் தெரியும். பிஷப் என்பவரும் சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை, ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டு அதோடு இதையும் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான். திட்டியவர் யாரும் இல்லை. விசாரித்தார்கள். ரொம்ப அன்பாக விசாரித்தார்கள். அது திட்டைவிடக் கனம். அவன் அம்மா ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார்: “எல்லாரும் அவனுக்காகப் பிரார்த்தனை பண்றேன்னு சொல்றாங்க. அவனுக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?”

நம்மில் சிலர் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரிக்கும் முன் ஒன்று. நான் பதினேழு வயதில் இன்ஜினியரிங் எடுத்தது யார் முடிவு? “எந்தக் காலேஜ்?” என்றுதான் சொந்தபந்தம் முழுக்கக் கேட்டது. “அது வேணுமா?” என்று ஒரு சித்தப்பாகூடக் கேட்கவில்லை. இந்தப் பையனையாவது போகும் முன் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பிஷப் ஒருமுறை, அவருக்கு மேலே, பல வார்டுகள் சேர்ந்த ‘ஸ்டேக்’கின் தலைவர் ஒருமுறை. நம்பிக்கை, நடத்தை, உடம்பு, மனசு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். எனக்கு யாரும் அப்படி நாற்காலி போடவில்லை.

பதினோரு மாதம் கழித்து, யாரும் கேட்காத ஒரு வாரத்தில், அவன் விண்ணப்பம் போட்டான். ஏன் என்று கேட்டேன். “கேக்கறத நிறுத்திட்டாங்க. அப்பதான் எனக்கே யோசிக்க முடிஞ்சுது” என்றான். எட்டு வருடத்தில் ஊழியம் பற்றி நான் கேட்ட பேச்சில் எனக்கு ஒட்டியது இதுதான்.

எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விண்ணப்பிக்கிறவனுக்குக் கிடையாது. சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் அப்போஸ்தலர்கள் என்கிற மூத்த தலைவர்கள் முடிவு செய்கிறார்கள், தலைவர் கையெழுத்தோடு அழைப்பு வருகிறது. முன்பு தபாலில் வரும், இப்போது இணையத்தில். அதைத் திறப்பது ஒரு விழா. சுவரில் உலக வரைபடம் மாட்டி, வந்தவர்கள் எல்லாம் எந்த நாடு என்று ஊகித்துப் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள். நான் பிரேசிலில் ஒட்டினேன். அவன் கைப்பேசியைப் பார்த்து வாசித்தான்: பிலிப்பைன்ஸ், செபு, செபுவானோ மொழி. பாட்டி அழுதார். அவன் அப்பா ஏதோ வேலை இருப்பதுபோல் சமையலறைக்குப் போய்விட்டார்.

போகச் சொன்ன இடத்துக்குப் போவது என்பதை நான் ரொம்ப நாள் கீழ்ப்படிதலின் உச்சம் என்று நினைத்திருந்தேன். இப்போது முழுசாக அப்படித் தோன்றவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை தனக்குப் பிடித்த நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது சுற்றுலா. செலவிலும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். 1990 வரை போகிற ஊரின் விலைவாசிப்படி குடும்பம் கட்டவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரே தொகை. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்து 2020 ஜூலையில் 500 ஆனது. இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். கிடங்கில் பெட்டி அடுக்கிய காசில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. சம்பளம் வாங்கி வேலை பார்ப்பவன் நான், சம்பளம் கட்டி வேலை பார்ப்பவன் அவன். ஊழியர்களுக்குப் போட்டிருக்கும் சட்டத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது: காலை ஆறரைக்கு எழுந்திரு, பத்தரைக்குப் படு, துணை ஊழியரைத் தனியே விட்டு எங்கும் போகாதே, காதல் கூடாது. 2019 பிப்ரவரிக்கு முன் வீட்டோடு பேச வருடத்துக்கு இரண்டே நாள், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

இவர்கள் வீடுகளில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 1839 செப்டம்பரில் சபையின் ஆரம்பகாலத் தலைவர்களான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்கு ஊழியம் புறப்பட்டார்கள். இருவருக்கும் குளிர்காய்ச்சல். யங்கின் குழந்தை பிறந்து பத்து நாள்தான். வண்டி கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று தொப்பியை ஆட்டிக் குரல் கொடுத்தார்களாம், வீட்டிலிருப்பவர்களுக்குத் தெம்பு வரட்டும் என்று. சொல்கிறவர்கள் கண் பளபளக்கும். எனக்கு அந்த வாசலில், காய்ச்சலோடு எழுந்து வந்து நின்ற பெண்கள்தான் தெரிகிறார்கள். இன்னொன்றும் உறைக்கிறது: புறப்பட்ட இருவருக்கும் வயது முப்பத்தெட்டு. வாழ்க்கை இன்னதென்று பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள்.

பாதியில் திரும்பி வருபவர்களைப் பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. மனச்சோர்வால் ஐந்தாவது மாதம் திரும்பி வந்த ஒரு பையனைத் தெரியும். இப்போது சபை அவர்களை அரவணைக்கச் சொல்கிறது, வீட்டிலிருந்தே செய்யும் சேவை ஊழியமும் இருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்காருவதாகச் சொன்னார்கள். அவன் போகும்போது “இப்போ இல்ல” என்று சொல்ல இடம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்தவர்களில் எனக்குப் பொறாமை உண்டாக்கியவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் நாற்பது வயது வெள்ளைக்காரர், வேலை நடுவில் தொலைபேசியில் யாருடனோ டோங்கா மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயதில் கற்றதாம். பத்து வருடம் பெங்களூரில் இருந்து ஆட்டோக்காரரிடம் பேசும் அளவுக்கு மட்டும் கன்னடம் கற்றவன் நான்.

பையன் போய் நாலு மாதம் ஆகிறது. செபுவில் திங்கள் காலை, எங்களுக்கு ஞாயிறு மாலை. அந்த நேரத்துக்கு அவர்கள் வீட்டுச் சமையலறை விளக்கு எரியும், எல்லாரும் ஒரு திரையைச் சுற்றி நிற்பது என் ஜன்னலிலிருந்து தெரியும். போன வாரம் அவன் தம்பி பனி தள்ள வந்தான், பதினைந்து வயது. அண்ணன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். மழையில் நனைந்து நனைந்து ஷூ கிழிந்துவிட்டதாம், சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு கேட்டும்விட்டேன்: “நீ எப்போ?”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, மண்வாரியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.